சங்கிலியம்மாள் வீட்டில் ஆள் இல்லை

எஸ்டேட்டில் ஒரு பழைய டீசல் எஞ்சினை ஏலத்தில் எடுத்தாளாம் ஓடைப்பட்டிச் சங்கிலியம்மாள். எஞ்சினோடு ஒரு வெள்ளைக்காரரும் சேர்ந்து வந்துவிட்டாராம். தேனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏலக்காய்த் தரகர் சொன்னது இது. அவருக்கு அவர் மச்சினன் சொன்னதாம். மச்சினனுக்கு யார் சொன்னது என்று கேட்பதற்குள் சின்னமனூர் வந்துவிட்டது. எஞ்சின் ஏலத்தில் எடுத்ததல்ல, பேசி வாங்கியது. அதைத் தவிர அந்த வதந்தியில் பிழை ஒன்றும் இல்லை என்று பின்னால் தெரிந்தது.

சின்னமனூரில் சங்கிலியம்மாளே ஏறினார். "அந்தா, பேசுனதும் வருது பாருங்க" என்று தரகர் குரலைத் தாழ்த்தினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முழங்கைக்கு மேலே இறுகிய சட்டை, காலில் செருப்பு கிடையாது, மடியில் முழங்கை நீளத்துக்கு வளைந்த ஒரு இரும்பு. எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் ஹேண்டில். தோட்டத்தை விட்டு எங்கே போனாலும் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது அவர் வழக்கம்.

"ஆத்தா, இந்த இரும்புக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"இது லக்கேஜ் இல்லய்யா, சாவி."

"இம்மாம் பெரிய சாவியா?"

"பூட்டு பெருசு. ஒங்க டிரைவர் சட்டப்பையில பஸ்ஸுச் சாவி கெடக்கே, அதுக்கு டிக்கெட்டுக் கிழிச்சியா?"

பஸ் சிரித்தது. கண்டக்டர் நகர்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் காக்கிச் சட்டையோடு டிக்கெட் பரிசோதகர் கீழே நிற்பது தெரிந்தது. அவர் படியில் கால் வைப்பதற்குள் சங்கிலியம்மாளின் சுருக்குப்பை திறந்து மூடிவிட்டது. பரிசோதகர் வந்து நின்று, "என்னம்மா இது?" என்று கேட்டபோது வாய் நிறைய வெற்றிலை. "ம்ம்" என்று ஒரு சத்தம், கண்டக்டரை நோக்கி ஒரு விரல். அவ்வளவுதான். பரிசோதகர் கண்டக்டரோடு சண்டை பிடிக்கப் போய்விட்டார்.

சர்க்காருக்கு எதிராகச் சங்கிலியம்மாளிடம் இருக்கும் ஒரே ஆயுதம் வெற்றிலை. காக்கி, ஜீப், சட்டைப்பையில் பேனா, இவற்றில் எது தெருமுனையில் தெரிந்தாலும் நாலு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை உள்ளே போய்விடும். வாய் நிறைந்திருக்கும் பெண்ணிடம் யார் என்ன கேட்க முடியும்? திராட்சை வியாபாரிகளிடமும் இதே முறைதான். அவர்கள் விலை சொன்னதும் வெற்றிலை போட்டுக்கொள்வார். பதில் வராத எரிச்சலில் வியாபாரி தன் விலையைத் தானே ஏற்றிக்கொள்வார். ஒருமுறை போட்ட வெற்றிலையைச் சங்கிலியம்மாள் பாதியில் துப்பியதாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. "அவுக வீட்டுக்காரரு செத்த சேதி வந்த அன்னிக்குக்கூட மென்னு முடிச்சிட்டுத்தான் அழுதாக" என்கிறார் அடுத்த வீட்டுப் பூமாரி.

எஞ்சினோடு வந்தவரின் பெயர் வில்லெம். ஹாலந்துக்காரர். மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எஞ்சின்களுக்கு நடுவே தலை நரைத்தவர். அவர் ஓய்வு பெற்ற மாதம் எஸ்டேட் தன் கிழட்டு எஞ்சின் ஒன்றையும் கழித்துக் கட்டியது. மின்வெட்டில் திராட்சைப் பந்தல் காய்ந்துகொண்டிருந்த சங்கிலியம்மாள் அதை வாங்க மலையேறினார். "எறக்குனதும் ஓடலேன்னா யாரப் போயிக் கேக்க?" என்று அவர் மடக்கியதும், ஓட வைத்துவிட்டு வருகிறேன் என்று துரையும் லாரியில் ஏறிக்கொண்டார். எஞ்சின் முதல் நாளே ஓடியது. துரை போகவில்லை. சத்தம் இன்னும் கொஞ்சம் சரியில்லை என்றாராம். எட்டு வருஷமாக அந்தச் சத்தம் சரியாகவில்லை.

முதல் வருஷம் ஊர் பேசியது. புருஷன் இல்லாத வீட்டில் வெள்ளைக்காரனா என்று ஊர்க்கூட்டம்கூடப் போட்டார்கள். இரண்டாம் வருஷம் ஊரில் பாதி எஞ்சின்கள் பழுதாயின. அதோடு பேச்சு நின்றது.

துரையின் தமிழ் முழுக்கச் சங்கிலியம்மாளிடம் கற்றது. அதனால் அவருக்குத் திட்டத் தெரிந்த அளவுக்கு நலம் விசாரிக்கத் தெரியாது. காலையில் என்னைப் பார்த்தால், "என்னய்யா, இன்னும் உசுரோடதான் இருக்கியா?" என்பார், மிகுந்த அன்போடு.

நான் இவர்களை அறிந்தது போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில். எங்கள் குடும்பம் காரைக்கால். ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்கு மாறியபோது என் தகப்பனார் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். அது எனக்கும் வந்து சேர்ந்தது. ஏலக்காய் வியாபாரம் பார்த்துப் போடியில் குடியிருக்கிறேன். இந்த நாட்டில் தங்கும் வெளிநாட்டார், விலாசம் மாறினால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் தங்க வைப்பவரும் சொல்ல வேண்டும். தங்கும் அனுமதியை நீட்டிக்கும் முன் ஆள் அந்த விலாசத்தில்தான் இருக்கிறாரா என்று விசாரிப்பார்கள். நகராட்சி என் வீட்டுக் கதவில் எண்ணை மாற்றி எழுதியபோது, நான் நகரவில்லை, எண்தான் நகர்ந்தது என்று அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தவன் நான். அதற்குச் சங்கிலியம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏந்தம்பி, தமிழன இங்கன இருக்கேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாகளா? நல்லாருக்கே! பெறகு காக்காயயும் எழுதிக் குடுக்கச் சொல்லுவாக."

துரைக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். அதனால் அவருக்கும் அலுவலகங்களுக்கும் நடுவே நிற்பது என் வேலையாயிற்று. இந்திய சர்க்கார் போதாதென்று அவருடைய சொந்த நாட்டுப் பென்ஷன்காரர்களும் வருஷத்துக்கு ஒரு முறை கேட்கிறார்கள்: உயிரோடு இருக்கிறீரா, எங்கே இருக்கிறீர், தனியாகவா, துணையோடா. மூன்றாவதை நான் தமிழில் சொன்னதும் சங்கிலியம்மாள் கைகளைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "ஒலப் பான ஒண்ணா ரெண்டான்னா கேக்குறாக? கடலுக்கு அங்கிட்டு இருந்துக்கிட்டு எங்க அடுப்ப எட்டிப் பாக்குறாகளே, என்ன சனம்!" துரை பதில் எழுதாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலியம்மாள் சுருக்குப்பையைத் தேடினார். படிவத்தில் அந்த இடம் வருஷா வருஷம் காலியாகவே கடல் தாண்டுகிறது.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப்பைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஜீப் கட்டாய ஆபரேஷனுக்கு ஊர் ஊராக ஆண்களைத் தேடி அலைந்த காலத்தில் ஓடைப்பட்டி ஒரு பாடம் படித்தது. வெள்ளைச் சட்டையும் ரெக்சின் பையுமாக ஒருவர் வந்து, வீட்டில் ஆண்கள் யார், வயசு என்ன, யாரோடு சேர்ந்து இருக்கிறார் என்று கேட்டால், தெரு முழுக்க ஒரே குரலில் "ஆள் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். ஆண்கள் திராட்சைப் பந்தலுக்குள் படுத்துக் கிடப்பார்கள். தெருவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே சங்கிலியம்மாள்தான். ஜீப் நின்று போயிற்று. பாடம் மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. துரை உடம்பெல்லாம் நல்லெண்ணெயோடு கொல்லையில் கோவணம் கட்டி உட்கார்ந்திருந்தார். தெருவில் வெள்ளைச் சட்டை, ரெக்சின் பை. சங்கிலியம்மாள் வாயை நிரப்பிக்கொண்டு வாசலில் நின்றார். வந்தவர் கேட்டார்: இந்த வீட்டில் ஆண்கள் யார்? வயசு என்ன? யாரோடு இருக்கிறார்?

சங்கிலியம்மாள் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினார். மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொண்டது.

"ஆம்பளையா? இந்தத் தெருவுலயா? எல்லாரும் மலைக்குப் போயிட்டாக சார்" என்றார் பூமாரி.

"வெளிநாட்டுக்காரர் ஒருவர்..."

"அவுகளா! அவுக சீமைக்குப் போயி ரெண்டு வருசமாச்சே. நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன்."

"கப்பல்ல போனாக" என்று எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல்.

"போற வழியில செத்துட்டாகன்னுல்ல தந்தி வந்துச்சு" என்று இன்னொரு குரல்.

கொல்லையில் துரை பலமாகத் தும்மினார்.

"அது எரும" என்றார் பூமாரி.

வந்தவர் டீ குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை தெரு முழுக்கச் சிரிப்பு. துரைக்கு இந்த வயசில் கத்திரி வைக்கப் பார்த்தார்களே என்று அவரவர் சொன்ன பொய்யை அவரவர் இன்னொரு முறை சொல்லி மகிழ்ந்தார்கள்.

அடுத்த வாரம் ஏட்டு அய்யாத்துரை சைக்கிளில் வந்து இறங்கினார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

"ஏத்தா சங்கிலி, ஒரு தெருவே சேர்ந்து ஆளக் கொன்னுப்புட்டீகளே!"

"யாரக் கொன்னோம்?"

"ஒங்க துரையத்தான். சனிக்கெழம வந்தது ஜீப்புக்காரன் இல்லத்தா. துரையோட பெர்மிட்டுக்கு மதுரையில இருந்து மப்டில விசாரிக்க வந்தவரு. இந்த வெலாசத்துல அப்படி ஒரு ஆளே இல்லன்னு ரிப்போட்டு போயிருச்சு."

"மப்டில வந்தா நாங்க என்னத்தக் கண்டோம்? ஜீப்புக்காரன் கேட்டதையே கேட்டாரு, அவனுக்குச் சொன்னதையே சொன்னோம்."

"துரை வயசுக்கு அவர எவன் ஆபரேசனுக்குப் புடிப்பான்?"

"கணக்குல ஆளு கொறஞ்சா அந்த எருமையவே புடிச்சிருப்பாக. பேசுறீகளே!" என்றவர், "இப்ப என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"பொய் வெலாசம் குடுத்தாருன்னு ஆகும். பெர்மிட்டு கெடையாது. மாசக் கடைசிக்குள்ள நாட்ட விட்டுப் போகச் சொல்லித் தாள் வரும்."

சங்கிலியம்மாளின் கை சுருக்குப்பைக்குப் போகவில்லை. எஞ்சின் அறை வாசலில் நின்ற துரையைப் பார்த்துக் கேட்டார்: "யோவ், அங்கன ஒமக்கு யாரு இருக்கா?"

துரை கைகளைக் கந்தலில் துடைத்தார். "ஒருத்தனும் இல்ல. நாய்கூட இல்ல" என்றார். சங்கிலியம்மாள் சொல்லிக்கொடுத்த தமிழில் அவர் திட்டாமல் சொன்ன வாக்கியம் அதுதான்.

மறுநாள் மூவரும் மதுரைக்குப் போனோம். துரை இஸ்திரி போட்ட சட்டையில், சங்கிலியம்மாள் மடியில் ஹேண்டிலோடு, நான் இரவெல்லாம் தூங்காத கண்களோடு. பதிவு அலுவலகத்தில் இருந்த அதிகாரி பொறுமையான மனிதர். மேஜைமேல் வைக்கப்பட்ட இரும்பைப் பார்த்தார். அது எதற்கு என்று கேட்கவில்லை.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். ஆள் இதோ இருக்கிறார், நிற்கிறார், பாருங்கள் என்றேன்.

"பார்க்கிறேன். மதுரையில் இருக்கிறார். ஓடைப்பட்டியில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி" என்றார் அதிகாரி. "உங்கள் ஏட்டு இருக்கிறார் என்கிறார். உங்கள் தெரு போய்விட்டார் என்கிறது. ஒருவர் செத்துவிட்டார் என்றே சொல்லியிருக்கிறார். யாரை நம்புவது?"

"நாங்க பொய் சொன்னோம் சாமி" என்றார் சங்கிலியம்மாள். வாயில் வெற்றிலை இல்லாமல் ஒரு அதிகாரியிடம் அவர் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். "எழுதிக்கிருங்க. ஊரே பொய் சொல்லுச்சுன்னு எழுதிக்கிருங்க."

"அப்படியானால் இப்போது சொல்வது மட்டும் நிஜமா?"

அதிகாரி கோப்பை மூடினார். "உங்கள் ஊரில் போன் இருக்கிறதா?"

"திராட்ச மண்டியில இருக்கு."

"புதன்கிழமை காலையில் போன் பண்ணுவேன். யார் என்று சொல்ல மாட்டேன். எடுப்பவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கிறேன். இருக்கிறார் என்றால் மறுபடி விசாரணைக்கு ஆள் அனுப்புகிறேன். இல்லை என்றால் என் கையில் ஒன்றும் இல்லை." பேனா மூடியைத் திருகிக்கொண்டே அவர் இன்னொன்றும் கேட்டார். "இவர் உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கிறாரா, விருந்தாளியா? உங்களுக்கு இவர் என்ன வேண்டும்?"

துரைக்கு அந்தக் கேள்வி புரிந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சங்கிலியம்மாளின் சுருக்குப்பை திறந்தது. நாலு வெற்றிலை உள்ளே போயின.

அதிகாரி காத்திருந்து பார்த்தார். "சரி, அதையும் போனில் சொல்லுங்கள்" என்றார்.

ஊர் திரும்பியதும் சங்கிலியம்மாள் தெருவுக்கு நிஜம் பேசப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. மண்டி நடத்தும் பலவேசம் அவருக்கு அண்ணன் மகன். ஒற்றை வார்த்தையில் "இருக்காக" என்று சொல்ல அவர் போதும் என்று முடிவாயிற்று. சங்கிலியம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதிகாரியானார்.

"அலோ, ஓடப்பட்டியா? அங்கன ஒரு வெளிநாட்டுக்காரரு..."

"அப்படி யாரும் இல்லீங்க" என்றார் பலவேசம், யோசிக்காமல்.

"ஏலே, எடுவட்ட பயலே!"

"வாய் தானா வந்துருச்சு அத்தே. இன்னொருக்காக் கேளுங்க."

இரண்டாம் முறை பலவேசம் முழு மனசோடு நிஜம் பேசினார். "இருக்காக சார்! நல்லா இருக்காக! இங்கனயேதான் பொறந்தாக, எங்கய்யாவும் அவுகளும் ஒண்ணாத்தான் பள்ளிக்கூடம் போனாக!"

பூமாரியை வைத்துப் பார்த்தார்கள். பூமாரி, துரை இருப்பதாகச் சொன்னதோடு நில்லாமல், அவரை ஊரில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்ப இறக்கியதே தான்தான் என்றார். டீக்கடைக்காரர், செத்தது வேறு துரை என்று விளக்கினார். சங்கிலியம்மாள் ஹேண்டிலால் தரையைத் தட்டினார்.

"போதும். ஒருத்தனும் போனத் தொடக்கூடாது. நானே எடுத்துக்கிறேன்."

"நீங்க பேசுவீகளா அத்தே? சர்க்கார் போனு" என்றார் பலவேசம்.

"நான் பேசாம ஒன் எருமையா பேசும்?"

"துரை ஒங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா?"

எட்டு வருஷமாக ஊர் நேராகக் கேட்காமல் விட்ட கேள்வி அது. சங்கிலியம்மாள் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை நான் போடியிலிருந்து முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது மண்டி நிறைந்திருந்தது. திராட்சை ஏற்ற வந்த லாரிக்காரர்கள்கூடப் போகாமல் கூடைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், தூசி தட்டித் துடைத்த கறுப்பு போன். அதன் முன்னால் ஸ்டூலில் சங்கிலியம்மாள். நல்ல சேலை கட்டியிருந்தார். கன்னம் புடைத்திருந்தது, விடிந்ததிலிருந்து இது மூன்றாவது வாய் என்று பூமாரி என் காதில் சொன்னார். வெளியே வேப்பமரத்தடியில், இஸ்திரி போட்ட அதே சட்டையில் துரை நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லையாம். ஹேண்டில் அவர் கையில் இருந்தது. அதை அவர் தானாக எடுத்திருக்க முடியாது. சங்கிலியம்மாள்தான் கொடுத்திருக்க வேண்டும்.

"இன்னிக்கு வராதோ?" என்று பலவேசம் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது.

யாரும் அசையவில்லை. இரண்டாவது மணிக்குப் பலவேசத்தின் கை பழக்கத்தில் நீண்டது. சங்கிலியம்மாள் அதைப் பட்டென்று தட்டிவிட்டார். மூன்றாவது மணிக்கு எழுந்து நின்றார். போனைப் பார்த்தார், மண்டியில் இருந்த அத்தனை முகங்களையும் பார்த்தார், வாசல் வழியே வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

"அத்தே, வச்சிரப் போறாக! எடுங்க!"

அவர் எடுக்கவில்லை. போனுக்கு முதுகைக் காட்டி, கூடைகளைத் தாண்டி, வாசலுக்கு வந்து, சாக்கடை ஓரமாகக் குனிந்து, இன்னும் சிவப்பு ஏறாத அந்த முழு வாய் வெற்றிலையையும் துப்பினார். பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மோந்து, ஒரு முறைக்கு இரண்டு முறை வாய் கொப்பளித்தார். முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். போன் அடித்துக்கொண்டிருந்தது.